ஆட்டுப்பட்டிக்குக் குடிபோனால் அம்மா வீட்டுக்குப் போக முடியாதா?

கேள்வி: திருப்பூர் செவந்தி

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறோம். நான் செக்கிங், அவர் கட்டிங். பையன் மூன்றாவது படிக்கிறான். மாமனாருக்கு வெள்ளகோவில் பக்கத்தில் ஏழு ஏக்கர் கொரங்காடும் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) 45 மேச்சேரிச் செம்மறி ஆடும் இருக்கின்றன. போன மாசம் மாமியார் தவறிவிட்டார்கள். மாமனாருக்கு வயது 71, முழங்கால் வலி வேறு. அவரைத் தனியாக விட மனசு வரவில்லை. ஆட்டை விற்றுவிடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. மாமியார் ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். வைகாசியில் நாங்களே அங்கே போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆடு வளர்ப்பு வீடியோ நிறையப் பார்த்துவிட்டேன், எல்லாம் லாபக் கணக்குதான். நான் கேட்பது வேறு. என் அம்மா திண்டுக்கல்லில் தனியாக இருக்கிறார். மாசம் தவறாமல் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவேன். அங்கே குடிபோனால் அது நடக்குமா? நாத்தனார் குடும்பம், தம்பி குடும்பம் எல்லாம் நோம்பிக்கு வருவார்கள். ஆட்டையும் பார்த்து, வந்தவர்களுக்கும் சமைத்துப் போட முடியுமா? வருஷம் முழுக்க அங்கே வாழ்க்கை எப்படிப் போகும் என்று, பட்டி வைத்திருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பதில் 1: மூலனூர் பட்டி

செவந்தி, மாமியார் விஷயம் கேட்டு மனசு கனத்துவிட்டது. என்னைவிட பத்துப் பதினைந்து வயது சின்னவளாக இருப்பாய் என்று நினைத்து நீ, வா என்றே எழுதுகிறேன்.

நான் மூலனூர் பக்கம் வாக்கப்பட்டு வந்து 22 வருஷம் ஆகிறது. பதினோரு ஏக்கர் கொரங்காடு, 58 தாயாடு, இரண்டு கிடா. நீ கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். நீயும் வீட்டுக்காரரும் சேர்ந்தாற்போல் வெளியூரில் ராத்தங்குவது இனி நடக்காது. ஒருத்தர் மாற்றி ஒருத்தர் போகலாம். 2024 பொங்கலில் இருந்து 2025 பொங்கல் வரை நாங்கள் இருவரும் ஒன்றாக வெளியே தங்கியது ஒரே ஒரு இரவு. அரவக்குறிச்சியில் அம்மா வீட்டுக்கு நான் போனது நாலே தடவை. நாலு தடவையும் காலையில் போய், ஆடு அடைவதற்குள் திரும்பிவிட்டேன். ஆனால் அம்மாவோடு நான் இருந்த நாட்கள் அந்த வருஷம் நாற்பதுக்கு மேல். அம்மா இங்கே வந்தார்.

முதலில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள். காலை ஐந்தரைக்குப் பட்டிக்குப் போவேன். திறப்பதற்கு முன் எண்ணுவேன், அப்படியே ஒவ்வொன்றின் முகத்தையும் பார்ப்பேன். கூட்டத்தை விட்டு ஒதுங்கி, தலை தொங்கி நிற்கிற ஆட்டுக்கு ஏதோ நோவு என்று அர்த்தம். மழைக்காலத்தில் பனி ஈரம் காய்ந்த பிறகுதான் திறப்பேன். ஈரப் புல்லோடு குடற்புழு உள்ளே போய்விடும். திறந்துவிட்டால் கொரங்காட்டில் மேய்க்க ஆள் தேவையில்லை. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். ஒரு காட்டில் புல் குறைந்தால் படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டுக்கு மாற்றுவோம். பகலில் புழுக்கை கூட்டுவது, தொட்டிக்குத் தண்ணீர் விடுவது, குட்டி அடைக்கிற கொடாப்புக் கூடைக்குள் இருக்கிற குட்டிகளைப் பார்ப்பது. மறுபடி பொழுது சாயும்போது அடைத்து எண்ண வேண்டும். ஆக, காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் யார் வீட்டுக்கு வந்திருந்தாலும் நீ பட்டியில்தான் இருப்பாய். நடுப்பகல் முழுக்க உன்னுடையது. விருந்தாளிகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடு. நான் சொல்லாமல் விட்டுப் பட்டிருக்கிறேன்.

சரி, வருஷக் கதைக்கு வருகிறேன்.

2024 பட்டிப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் 19 பேர். மாட்டுப் பொங்கலைத்தான் நம் பக்கம் பட்டிப் பொங்கல் என்கிறோம். காப்புக்கட்டு அன்றைக்கே வேப்பிலை, ஆவாரை, பூளைப்பூ எல்லாம் பட்டிப் படலில் செருகியாகிவிட்டது. பட்டிக்குள் சின்னதாகத் தெப்பக்குளம் வெட்டித் தண்ணீர் விட்டு, பொங்கல் வைத்து, "பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக" என்று எல்லாரும் சத்தம் போட்டுச் சுற்றி வந்தோம். பெங்களூரில் வளர்கிற பிள்ளைகள்கூட அந்தச் சத்தத்தை விடவில்லை, சாப்பிடும்போதும் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

அன்று இரவு என் தம்பி மகன், ஒன்பது வயது, மிச்சமிருந்த சோற்றையும் சர்க்கரைப் பொங்கலையும் ஒரு குண்டா நிறைய எடுத்துப்போய்ப் பெரிய கிடாய்க்கு வைத்துவிட்டான். ஆசையாகத்தான் வைத்தான். ஆடு அசைபோடுகிற உயிர். பழக்கமில்லாமல் அவ்வளவு சோறு உள்ளே போனால் வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். காலையில் கிடா வயிறு உப்பிப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தது. டாக்டர் வந்து சோடா உப்புக் கரைத்து ஊற்றி, ஊசியும் போட்டார். மறுநாள் மத்தியானம் போய்விட்டது. நான் அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை திட்டவில்லை, ஆனாலும் என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். அவன் மூன்று மாசம் என்னோடு போனில் பேச மாட்டேன் என்றுவிட்டான். கிடா போனதைவிட எனக்கு அதுதான் வலித்தது. அதற்கப்புறம் யார் வந்தாலும் படலில் அகத்தியும் சவுண்டலும் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டிருப்பேன். பிள்ளைகள் ஆட்டுக்கு ஏதாவது ஊட்டாமல் இருக்க மாட்டார்கள். அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் நல்ல தீனி இருக்கட்டும்.

பொங்கலுக்கு வந்தவர்களில் அம்மா மட்டும் போகவில்லை. நாங்கள் ஆவணி, புரட்டாசியில் கிடா சேர்ப்போம். சினை ஐந்து மாசம், அதனால் தையிலும் மாசியிலும் குட்டி விழும். அம்மா சின்ன வயதில் ஆட்டோடு வளர்ந்தவர். 68 வயதிலும் அவர் கை பட்டால் ஆடு அடங்கி நிற்கும். மாசியில் ஒரு தலைச்சன் ஆடு குட்டி போட்டுவிட்டு, கிட்டே சேர்க்காமல் முட்டித் தள்ளியது. அம்மா குட்டியின் முதுகில் உப்பைத் தூவினார். ருசிக்கு ஒரு நக்கு நக்கியது, அப்புறமும் நக்கியது. பால் கொடுக்கத்தான் இன்னும் மசியவில்லை. நாலு நாள், வேளைக்கு ஒரு தடவை, தாயைச் சுவரோடு அணைத்துப் பிடித்துக் குட்டியை ஊட்டவிட்டார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போய்விட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்பார். ஐந்தாம் நாள் அந்த ஆடே குட்டியைக் காணாமல் கத்தியது. அந்த நாற்பது நாளும் இரவில் பட்டிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு நாங்கள் இருவரும் படுத்திருந்தோம். எங்கள் அப்பா சாகும்போது என்ன பேசினார் என்பதை 14 வருஷம் கழித்து அங்கே படுத்துக்கொண்டுதான் அம்மா எனக்குச் சொன்னார். மாசத்துக்கு இரண்டு நாள் நான் போய் வந்துகொண்டிருந்த காலத்தில் அதைச் சொல்ல நேரமே அமையவில்லை.

ஏப்ரல் 19 ஓட்டுப் போட நங்கையா குடும்பம் திருப்பூரில் இருந்து வந்தார்கள். நங்கையா எங்கள் வீட்டுக்காரரின் அக்கா, இன்னும் ஓட்டு இங்கேதான். நல்ல வெயில். புல் கருகிப்போய் இருந்தது. அந்த நேரத்தில் ஆட்டைக் காப்பாற்றுவது வேலங்காய்தான். நங்கையாவுக்கு என் மேல் பல வருஷ வருத்தம் ஒன்று உண்டு. "வந்தவங்களை உட்கார வெச்சுட்டு இவ பட்டிக்குப் போயிடறா" என்று. அது உண்மையும்கூட. இந்தத் தடவை "நங்கையா, நீங்களும் வாங்க" என்று தொரட்டியைக் கையில் கொடுத்தேன். அவர் பிறந்து வளர்ந்த காடு. எந்த மரத்துக் காய் இனிக்கும் என்று எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் பொறுக்க, மத்தியானத்துக்குள் ஆறு மூட்டை. அன்றைக்குச் சமையலை இரண்டு பேருமாகச் சேர்ந்து முடித்தோம். பருப்பும் ரசமும்தான், யாருக்கும் குறையில்லை. இப்போது அவர் வரும்போதெல்லாம் பழைய சேலை ஒன்றைப் பையில் எடுத்து வருகிறார்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. காற்றாலை எல்லாம் இரைந்துகொண்டே இருக்கும், பேசினால் காது கேட்காது. பக்ரீதுக்கு ஐந்து கிடா கன்னிவாடி சந்தைக்குப் போனது. பல் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதை உன் பையனுக்குக் காட்டு. ஆவணி பிறந்தால் கல்யாணங்கள். சாயங்காலச் சீருக்கு வீட்டுக்காரர் போய்விட்டு ராத்திரியே வந்துவிடுவார், விடியற்கால முகூர்த்தத்துக்கு நான் போவேன். போட்டோவில் நாங்கள் சேர்ந்து நிற்கிற கல்யாணம் அந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. புரட்டாசியில் கறி வாங்குவோர் குறைவு, அப்போது விற்க நினைக்காதே. தீபாவளிக்கு வை.

ஐப்பசி, கார்த்திகையில் யாரையும் கூப்பிடாதே. மழை விழுந்து புதுப்புல் தளிர்க்கும்போது துள்ளுமாரி வரும். நேற்று நன்றாக இருந்தது இன்று துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். சேற்றில் குளம்பு அழுகும். கொசு மாதிரி சின்னப் பூச்சி கடித்து நீலநாக்கு பரவும், முகம் வீங்கி, வாய் புண்ணாகி, தீனி எடுக்காது. அந்த இரண்டு மாசமும் எங்கள் கண் ஆட்டின் மேல்தான் இருக்கும். வந்தவர்களுக்கு முகம் கொடுக்க முடியாது, அவர்களுக்கும் வருத்தம், நமக்கும் வருத்தம்.

இந்தப் பொங்கலுக்குத் தம்பி மகன் வந்தான். வந்ததும் நேராகப் பட்டிக்குப் போனான். மற்றப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கட்டு அகத்தி கொடுத்து, "இதைத் தவிர எதையும் போடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வீட்டுக்குள் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பதில் 2: கோவைத் தம்பி

அக்கா எழுதியதைப் படித்ததும் நானும் எழுதத் தோன்றியது. நான் விருந்தாளிப் பக்கம். என் அக்கா குண்டடம் பக்கத்தில் பட்டி வைத்திருக்கிறார். வருஷத்துக்கு நாலு தடவை போவேன். ஒரு தடவை போனில் பேசிக்கொண்டே படலைச் சாத்தாமல் வந்துவிட்டேன். 30 ஆடு பக்கத்துக் காட்டில் இறங்கி, அரை அடி வளர்ந்திருந்த சோளப் பயிரை மேய்ந்தது. இளம் சோளத்தில் விஷம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமா ஓடிவந்து திருப்பியதால் இரண்டு ஆடு செத்ததோடு போயிற்று.

செவந்தி அக்கா, உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் மூன்று விஷயம் கூசாமல் சொல்லிவிடுங்கள். திறந்த படலைச் சாத்த வேண்டும். கேட்காமல் தீனி போடக்கூடாது. வளர்க்கிற நாயைக் கூட்டி வரக்கூடாது. சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று என் அக்கா சொல்லாமல் விட்டார். சொல்லியிருந்தால் நான் கோபித்திருக்க மாட்டேன். இன்றைக்கும் அந்தக் காட்டு வழியே போகும்போது எனக்கு நெஞ்சு அடிக்கும்.

பதில் 3: கிளுவை முள்

நான் காங்கேயம் பக்கம். மூலனூர் அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கிடா சேர்க்கிற மாசம். உங்கள் மாமனார் கிடாயை வருஷம் முழுக்கக் கூட்டத்தோடு விட்டிருந்தால் எந்த மாசமும் குட்டி விழும், எந்த மாசமும் நீங்கள் நகர முடியாது. கிடாயைத் தனியாகப் பிரித்துக் கட்டி, இரண்டு மாசம் மட்டும் சேர்த்துவிட்டால் குட்டி எல்லாம் ஒரு பருவத்தில் விழும். மற்ற மாசங்களில் ஒருத்தரே சமாளிக்கலாம், நீங்கள் திண்டுக்கல் போகலாம். தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாக் குட்டிக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். தீபாவளியைக் கணக்கில் வைத்துக்கொண்டால் குட்டி எடையும் சரியாக நிற்கும்.

அப்புறம் 1962 என்ற எண்ணைப் பையன் உட்பட எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ்.

முதல் வருஷம் 45-ஐ 30 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. கிழ ஆட்டையும் மடி கெட்டதையும் கழித்தாலே அந்த அளவுக்கு வந்துவிடும். மாமனாரிடம் இதை மெதுவாகப் பேசுங்கள். பெயர் வைத்த ஆடுகள் என்கிறீர்கள்.

திருப்பூர் செவந்தி

எல்லோருக்கும் நன்றி. மூலனூர் அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். நங்கையா கதையில் என் நாத்தனாரையே பார்த்தேன். ஒரு கேள்வி, கேட்கலாமா தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே ஒரு இரவு வெளியே தங்கினோம் என்றீர்களே, அது எதற்கு? எங்கள் அம்மாவுக்கு வயதாகிறது. ஒரு கேதம் என்று வந்தால் இரண்டு பேரும்தானே போக வேண்டும்?

பதில் 4: மூலனூர் பட்டி

கேட்டது நல்லதுதான் கண்ணு. நான்தான் எழுதாமல் தாண்டிவிட்டேன்.

கார்த்திகையில் என் பெரியப்பா இறந்துவிட்டார். அப்பா போன பிறகு எனக்கு எல்லாச் சீரும் செய்தவர். இரண்டு பேரும் போகாமல் இருக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் ராத்திரி இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனோம். அவர் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் வந்து பார்த்திருக்கிறார். நாய்கள் மூன்று மணிக்கு மேல் வந்திருக்கின்றன. கிளுவை வேலியில் ஓர் இடம் பட்டுப்போய்ச் சந்து விழுந்திருந்தது, அடைக்க வேண்டும் என்று ஐப்பசியில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தோம். ஒன்பது ஆடு செத்துக் கிடந்தன. தொண்டையில் கடிபட்டது நாலுதான், மற்றவை மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்தவை. ஆறு ஆட்டுக்குத் தையல் போட்டோம். அடுத்த வாரத்துக்குள் மூன்று சினையாடு, அந்தப் பயத்திலேயே குட்டி வீசிவிட்டன. அந்த அண்ணன் எங்கள் முன்னால் நின்று அழுதார். அவர் மேல் என்ன தப்பு?

அந்த நேரத்தில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் சுற்றி எல்லாப் பக்கமும் இதே கதைதான். செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். நாய்கள் கூட்டமாக வருவது இப்போது எந்த நோயைவிடவும் பெரிய ஆபத்து. அதனால் குடிபோனதும் உன் முதல் செலவு, பட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பிவலை. ஆடு வாங்குவது, கொட்டகை போடுவது எல்லாம் அப்புறம். வேலியைச் சுற்றி மாசம் ஒரு தடவை நடந்து பார். சந்து தெரிந்தால் அன்றைக்கே முள் வெட்டி அடைத்துவிடு.

கேதத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாய். நாங்கள் இப்போது சுற்றி உள்ள நாலு பட்டிக்காரர்கள் சேர்ந்து பேசி வைத்திருக்கிறோம். ஒரு வீட்டில் சாவு என்றால் இன்னொரு வீட்டில் இருந்து ஒருத்தர் வந்து பட்டியிலேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார். வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவது போதாது. தை மாசத்தில் ஒரு வீட்டுக்கு அப்படி எங்கள் வீட்டுக்காரர் போய் இரண்டு ராத்திரி படுத்துவிட்டு வந்தார். வெள்ளகோவிலில் உன் மாமனாருக்குப் பழகிய பட்டிக்காரர்கள் கட்டாயம் இருப்பார்கள். யார் யார் என்று இப்போதே கேட்டு வை.

அம்மா இப்போது இங்கேதான் இருக்கிறார். நீ எழுதியதைச் சொன்னேன். "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு ஆடு பழக்கமான்னு கேளு" என்றார்.

திருப்பூர் செவந்தி

அக்கா, அம்மாவிடம் கேட்டேன். ஆடு பழக்கமில்லை, மாடு பழக்கம் உண்டாம். "சீம்பால் எதுக்கும் சீம்பால்தானே" என்கிறார்.

மாமனாரிடமும் நேற்று ராத்திரி பேசினேன். கிடா வருஷம் முழுக்கக் கூட்டத்தோடுதான் இருக்கிறதாம், பிரித்துக் கட்டினதே இல்லையாம். சித்திரையில் ஏழெட்டு ஆடு குட்டி போடும் என்றார். மாமியார் இல்லாமல் இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதனால் வைகாசி வரை காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பையனுக்குப் பரீட்சை முடிந்ததும் நானும் அவனும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதலில் போகிறோம், வீட்டுக்காரர் கம்பெனியில் கணக்கு முடித்துவிட்டுப் பின்னால் வருவார். கம்பிவலைக்கு நாளைக்கே விலை கேட்கச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி படுக்கிற ஆட்களாக மாமனார் இரண்டு பெயர் சொன்னார், எழுதி வைத்திருக்கிறேன்.